ஏழு வீட்டுத் துணி

தென்னூர், திருச்சி
20-1-44

அன்புள்ள ரங்கத்துக்கு,

அக்கா எழுதுவது. இங்கே சுகம். எட்டு மாதம் தாண்டிவிட்டது என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மற்ற வரிகளுக்கு அப்புறம்தான் வந்தேன்.

உன் மாமியார் சொல்லச் சொன்ன விஷயம் புரிந்தது. முதல் பிள்ளைக்குப் புதுத் துணியில் விரிப்புத் தைத்தேன். இரண்டாவதுக்குப் பட்டில் தைத்தேன். இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இந்தத் தடவை புதிதாக ஒரு நூல்கூட வேண்டாம், பிள்ளைகள் ஓடியாடும் ஏழு வீடுகளில் பழந்துணியைப் பிச்சையாகக் கேட்டு வாங்கி, அதில்தான் கிடத்த வேண்டும் என்கிறார். பிள்ளைக்குப் பெயரும் பிச்சை. சரி. நான் இதை நம்புகிறேனா என்று கேட்காதே. நீ நம்புகிறாய்.

இன்னொன்றும் புரிந்தது. அதை நீ நேராக எழுதவில்லை, சுற்றி எழுதியிருந்தாய். பிள்ளை பெறாத கை முதல் முடிச்சைப் போட வேண்டாம். அதுதானே? புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை என்பது எனக்குப் புதுச் செய்தி இல்லை, ரங்கம். முதல் முடிச்சை ரோசரி போடுவாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவள், பாலக்கரைக்காரி, நாலு பிள்ளை பெற்றவள். போன கோடையில் நீ வந்தபோது முகமெல்லாம் அம்மைத் தழும்போடு ஒருத்தி வந்து உனக்கு முறுக்குக் கொடுத்தாளே, அவள்தான். கேட்டதும், "முடிச்சுக்கு ஒரு டம்ளர் காப்பி. அவிழ்ந்தா நான் பொறுப்பில்லை" என்றாள்.

பிச்சை கேட்க எனக்கு வராது என்று நினைத்தேன். வந்தது. தலைப்பை ஏந்திக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பழைய பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தால் செல்லாது, உயிரோடிருக்கும் பிள்ளை உடம்பில் கிடந்ததைக் கழற்றித் தர வேண்டும் என்று உன் மாமியார் சொன்னதை ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. தர்கா பக்கம் ரஷீதா வீட்டில்தான் ஒரே சிரிப்பு. அவள் மகள் சுராயா என் வகுப்பு. "பிச்சைக்கு வந்த டீச்சரை இப்பத்தான் பாக்கிறேன். போட்டாத்தான் எம் மவ பாஸாவாளா?" என்று கேட்டுக்கொண்டே கடைக்குட்டியின் பெருநாள் சட்டையைக் கழற்றி, பச்சை சாட்டினில் ஒரு கை வெட்டிக் கொடுத்தாள். அது அம்மணமாக வாசலில் நின்று என்னைத் திட்டியது.

பொன்மலையில் உன் வீட்டுக்காரரோடு முன்பு வேலை பார்த்த ஃபிட்டர் வீடு. அப்பனின் நீலச் சட்டையை வெட்டிப் பையனுக்குத் தைத்திருந்தார்கள், அதிலிருந்து ஒரு துண்டு. "எண்ணெய் வாசம் போவாது டீச்சர். பொறந்ததும் உங்க பிள்ளை ஷிப்டுக்குக் கிளம்பிடும்" என்றாள் அந்த அம்மாள். ஸ்ரீரங்கத்தில் மாலை கட்டும் ஒரு வீட்டில் மஞ்சள் பாவாடை ஓரம். "பெருமாள் தீர்க்காயுசைக் கொடுப்பார், எடுத்துண்டு போங்கோ" என்று சொல்லி, கை படாமல் மேலேயிருந்து என் தலைப்பில் போட்டாள். ஏகாதசிக்கு வந்த கூட்டம் போன பிறகும் அங்கே தெருவெல்லாம் வேப்பிலை. அம்மை கண்டிருக்கிறது என்று பேசிக்கொள்கிறார்கள்.

ஒரு வீடுதான் புரியவில்லை. வரகனேரியில் அரிசிக் கடை அழகிரி வீடு. அவர் மனைவி தனபாக்கியம் என்னிடம் தையல் படித்தவள். நல்ல பெண். கதவைத் திறக்காமல் ஜன்னலில் நின்று பேசினாள். "நாளைக்கு வாங்களேன் டீச்சர்" என்றாள். பிச்சைக்கு வந்தவளை நாளைக்கு வரச் சொல்லலாமா என்று நான் விளையாட்டாகக் கேட்டேன். என்னையே பார்த்தாள். உள்ளே போனவள் நெடுநேரம் கழித்து வந்து, கம்பிக்கு நடுவே ஒரு மல் துணியை நீட்டினாள். மகன் மேலே கிடந்ததுதானே என்று கேட்டேன். "அவன் மேல இருந்துதான் எடுத்தேன்" என்றாள். உட்காரச் சொல்லவில்லை. சமையல் நேரம், ஆனால் ஒரு தாளிப்பு வாசம் இல்லை. வீட்டில் ஏதாவது சண்டையாக இருக்கும்.

ஆனால் அந்த மல் துணி! ஏழிலும் மெத்து அதுதான். துவைத்துத் துவைத்துப் பூவாக ஆகிவிட்டது. லேசாக மஞ்சள் வாசமும் வேப்பிலை வாசமும் இருக்கிறது. பூச்சி அரிக்காமல் வைத்திருக்கிறாள். நான் சொல்லிக் கொடுத்ததுதான்.

என்ன நூல் என்று கேட்டிருந்தாய். யுத்தம் வந்ததிலிருந்து நல்ல நூல் எதுவும் கிடைப்பதில்லை. பாண்டிச்சேரி வழியாக வந்துகொண்டிருந்த பிரெஞ்சு நூல் நின்றுபோயிற்று. ரீல் நூல் கடையில் இருக்கிறது, ஆனால் அது முறுக்கு அதிகம், பழந்துணியை அறுத்துவிடும். பட்டு நூலும் அப்படித்தான், போதாததற்கு வழுக்கும். உறையூரில் தறிக்காரர் ஒருவர் பாவு முடிந்ததும் மிஞ்சும் நூலைக் கொடுத்தார். முழங்கை நீளம்தான் இருக்கும். ஊசிக்கு அந்த நீளமே சரி, அதைவிட நீண்டால் சிக்கும். கஞ்சி போக வெந்நீரில் அலசி, இரண்டு இழையாகச் சேர்த்து, தேன்மெழுகில் ஒரு இழுப்பு. வலுக் குறைந்த நூல்தான். அதனால்தான் எடுத்தேன். இழுபட்டால் நூல் அறுந்து போகட்டும், துணி கிழியக் கூடாது. நூலைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

மாதிரிக்கு இரண்டு இழை இந்தக் காகிதத்தில் கோத்திருக்கிறேன். சிவப்பு நூல் கேட்டாயே, வேண்டாம். ஈரத் துணியில் வைத்து அழுத்திப் பார்த்தேன், சாயம் இறங்குகிறது. பிள்ளை வாயில் வைக்கும்.

பாரம் தூக்காதே. உன் மாமியார் சொல்வதைக் கேள்.

அன்புள்ள அக்கா,
வள்ளிக்கண்ணு

*

தென்னூர்
3-2-44

அன்புள்ள ரங்கத்துக்கு,

முடித்துவிட்டேன். நாளைக்கு வெள்ளைச்சாமி கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் ஒர்க்ஷாப்பில்தான் அவரும். துறையூருக்கு லீவில் வந்திருந்தார், திரும்பப் பம்பாய்க்குப் போகிறார். பார்சல் என்றால் எங்கே போய் நிற்குமோ. "மடியிலயே வச்சுக்கிட்டுப் போறேன் டீச்சர், மருமகன் சாமானாச்சே" என்றார். நல்ல மனிதர்.

எப்படித் தைத்தேன் என்று எழுதுகிறேன். நாளைக்குக் கிழிந்தால் நீ தைக்க வேண்டும் அல்லவா?

ஒட்டுத் தையலில் இரண்டு வழி. ஓரத்தை மடிக்காமல் வைத்துச் சுற்றிலும் காஜாத் தையல் போடுவது ஒன்று. சீக்கிரம் முடியும், பார்வைக்கும் எடுப்பு. ஆனால் நூல் வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். பிறந்த பிள்ளையின் தோலில் அதன் தடம் விழும். அதனால் மற்ற வழியில் போனேன். ஓரத்தை நகத்தால் மடித்து, அடித்துணியில் வைத்து, கீழேயிருந்து ஊசியை ஏற்றி மடிப்பில் ஒரே இழையைப் பிடித்து, ஏறிய இடத்துக்கு நேராகவே இறக்குவது. சாய்த்து இறக்கினால் தையல் தெரியும். நூல் துணியைவிட ஒரு சாயல் கறுத்திருக்க வேண்டும், வெளுத்த நூல் பளிச்சென்று காட்டிக் கொடுக்கும். நீ விரல் வைத்துத் தேடினாலும் தையல் அகப்படாது. பள்ளிக்கூடத்தில் உனக்கு இது ஒருநாளும் வந்ததில்லை. நேராக இறக்கு என்று கத்திக் கத்தி என் தொண்டை போனதுதான் மிச்சம்.

முடிச்சு எதுவும் மேலே இல்லை. எல்லாம் துண்டுக்கு அடியில். ஒவ்வொரு துண்டுக்கும் தனி நூல், தனி முடிச்சு. ஒரு வீட்டுத் துணி நைந்துபோனால் அதை மட்டும் எடுத்துவிடலாம், மற்ற ஆறும் அசையாது. எந்த இடத்தில் நறுக்க வேண்டும் என்று பின்பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்திருக்கிறேன்.

முதல் முடிச்சு ரோசரி போட்டது. உன் மாமியாரிடம் சொல். காப்பியும் குடித்துவிட்டாள்.

தனபாக்கியம் வீட்டு மல் துணியை நடுவில் வைத்தேன். பிள்ளையின் கன்னம் படும் இடம். நடுவுக்கு எதை வைப்பது என்று இரண்டு நாள் மாற்றி மாற்றிப் பார்த்தேன். வகுப்பில் பெண்களையும் கேட்டேன். சுராயா அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "இதுதான் டீச்சர், இது கண்ணை மூட வைக்குது" என்றாள். அவள் சொன்னதே சரி என்று வைத்துவிட்டேன். பச்சை சாட்டின் எங்களுடையது என்று அவள் பெருமையடித்துக்கொண்டதை மற்றப் பெண்கள் இன்னும் விடவில்லை.

தனபாக்கியம் வீட்டுக்கு விரிப்பைக் கொண்டு காட்டலாம் என்று போனேன். பூட்டியிருந்தது. லால்குடிக்கு அவள் தாய்வீட்டுக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். சொன்ன அம்மாள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

துவைத்து அனுப்பவா என்று யோசித்தேன். பிச்சை வாங்கிய துணியைப் பிள்ளை கிடக்கும் முன் நனைக்கக் கூடாது, வாங்கியபடியே வர வேண்டும் என்று நீதான் கண்டித்து எழுதியிருந்தாய். அப்படியே மடித்துவிட்டேன்.

வலி எடுத்தால் பயப்படாதே. பிறந்ததும் கார்டு போடச் சொல்.

அன்புள்ள அக்கா,
வள்ளிக்கண்ணு

*

தென்னூர்
19-2-44

என் அன்புள்ள ரங்கத்துக்கு,

மகன் பிறந்த செய்தியும் உன் கோபமும் ஒரே உறையில் வந்தன.

மகன். நல்ல எடை என்கிறாய். இரண்டு கையையும் மூடிக்கொண்டு தூங்குகிறான் என்கிறாய். விரிப்பில் போட்டால்தான் அழுகை நிற்கிறது என்கிறாய். அந்த வரிக்கு மேல் என்னால் போக முடியவில்லை. பிறகு போனேன்.

நான் கொடுத்த தந்திதான் கையில் கிடைத்திருக்கிறது. அன்றே போட்ட கார்டு இன்னும் வரவில்லை போலிருக்கிறது. தந்தியில் என்ன எழுத முடியும்? விரிப்பை எரி, பிள்ளைக்கு அம்மை குத்து. அதை மாப்பிள்ளை படித்துச் சொன்னதும் வீட்டில் என்ன நடந்தது என்று எழுதியிருக்கிறாய். மனசு வரலைன்னா தைக்காம இருந்திருக்கலாமே அக்கா என்கிறாய். ஏழு வீட்டுப் பிள்ளைகளின் துணியைக் கொளுத்தினால் நம் பிள்ளைக்கு என்ன கதி என்று உன் மாமியார் கேட்கிறார். பிள்ளையில்லாதவளின் வயிற்றெரிச்சல் தந்தியில் வந்திருக்கிறது என்றும் சொன்னாராம். அதையும் எழுதிவிட்டாய். எழுதியது நல்லது. மறைத்திருந்தால் எனக்கு எதற்குப் பதில் சொல்வது என்று தெரிந்திருக்காது.

நடந்ததைச் சொல்கிறேன். மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

போன வாரம் வரகனேரி வழியாக வந்தேன். அழகிரி வீட்டுக் கதவு திறந்திருந்தது. நான் வாசலிலேயே நின்றேன்; உள்ளே தனபாக்கியம் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. அவள் கேட்ட முதல் கேள்வி, "டீச்சர், அந்தத் துணியை என்ன பண்ணினீங்க?"

மகன் இல்லை. அம்மை. நான் ஜன்னலில் நின்ற அன்று அவன் உள்ளே படுத்திருக்கிறான். தாளிப்பு இல்லாததும் கதவு திறக்காததும் அதனால்தான். அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகுவார்கள், ஒரு பிடி உப்புக்கூட வெளியே கொடுக்க மாட்டார்கள், ஊசி நூலைத் தொட மாட்டார்கள். இவர்கள் வேப்பிலையைச் செருகவில்லை. தெருமுனையில் ஒரு பிள்ளைக்குக் கண்டதும், முனிசிபாலிடி ஆட்கள் வந்து ஊருக்கு வெளியே கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பிள்ளை திரும்பவில்லை. தன் பிள்ளையைத் தன் மடியிலேயே வைத்துக்கொள்ள இவள் வாசலை மூடிவிட்டாள். லால்குடியும் பொய். வீட்டுக்குள்ளேதான் இருந்திருக்கிறார்கள், வெளியே பூட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு.

ஏன் கொடுத்தாய் என்று கேட்டேன். இல்லையென்றால் உங்களுக்குச் சந்தேகம் வரும் என்றாள். பிறகு, "அது மட்டும் இல்லை டீச்சர். ஒரு பிள்ளை உசுருக்குப் பிச்சை போட்டா எம் பிள்ளையை அம்மன் விட்டுடுவான்னு நெனச்சேன்" என்றாள். பெட்டியில் அவனுடைய நல்ல சட்டைகள் இருந்திருக்கின்றன. உடம்பில் கிடந்ததைத்தான் தர வேண்டும் என்று நான் சொன்னேன் அல்லவா? அவன் மேல் மூடியிருந்ததை எடுத்துத் தந்தாள். தூங்கிக்கொண்டிருந்தானாம். எடுத்ததும் குளிருது என்றானாம்.

அவளைத் திட்டப் போனேன். திட்டாமல் நேரே தந்தியாபீசுக்கு நடந்தேன்.

ரங்கம், அந்தத் துணி உன் பிள்ளையின் கன்னத்துக்குக் கீழே இருக்கிறது.

நடுத்துண்டை மட்டும் பிரித்துவிட்டு மற்ற ஆறு வீட்டையும் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்வாய். எங்கே நறுக்குவது என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த வெள்ளைப் புள்ளியை மறந்துவிடு. அந்த மல் துணி முதல் நாளிலிருந்து மற்றத் துணிகளோடு ஒரே கூடையில் கிடந்தது. அதன் மேல் மற்றதை வைத்து அளந்தேன். ஒரே ஊசி எல்லாவற்றிலும் ஏறி இறங்கியது. நூல்கூட அதே கூடையில் இருந்தது. தனித்தனி முடிச்சுப் போட்டதில் இதற்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. உன் விரலால் பிரிக்காதே. கையிலேயே எடுக்காதே. மாப்பிள்ளை இடுக்கியால் எடுத்துப் போய்க் கொளுத்தட்டும்.

பிள்ளைக்கு உடனே அம்மை குத்தச் சொல். பிறந்து சில நாளான பிள்ளைக்கும் குத்தலாம் என்று இங்கே டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். நீயும் குத்திக்கொள். வெள்ளைச்சாமியைத் தேடிப் பிடித்து அவருக்கும் சொல்லுங்கள். வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு போனார்.

உன் மாமியாரிடம் ஒன்று சொல். நான் ஆறு வீட்டுக்கும் போய் நடந்ததைச் சொன்னேன், எரிக்கலாமா என்று கேட்டேன். பொன்மலை அம்மாள், "கேக்கணுமா டீச்சர், மொதல்ல கொளுத்தச் சொல்லுங்க" என்றாள். ஸ்ரீரங்கத்து அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு சரி என்றாள். ரஷீதா மட்டும் பதில் சொல்லவில்லை. சுராயாவுக்குக் காய்ச்சல். இரண்டு நாளாக அவள் பெஞ்சு காலி. கன்னத்தில் வைத்துப் பார்த்தவள் அவள். ரஷீதா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உட்காருங்க என்றாள். நான் உட்காரவில்லை.

என் மேல் உள்ள கோபத்தை வைத்துக்கொள். ஆனால் இதைச் செய்.

நேற்றிலிருந்து எனக்கு இடுப்பு ஒடிகிற மாதிரி வலி. வகுப்பில் நின்றுகொண்டே இருந்ததால் இருக்கும்.

உன் அக்கா,
வள்ளிக்கண்ணு

*

தென்னூர்
26-2-44

அன்புள்ள ரங்கத்துக்கு,

கையெழுத்து வேறு மாதிரி இருக்கிறதே என்று திகைக்காதே. நான் உள்ளே படுத்துக்கொண்டு சொல்கிறேன், ரோசரி கதவுக்கு வெளியே உட்கார்ந்து எழுதுகிறாள். இந்தக் காகிதத்தை நான் தொடவில்லை. என் கை பட்டது எதுவும் இனி உன் வீட்டுக்கு வரக் கூடாது.

ரோசரிக்குப் பயமில்லை. அவளுக்குச் சின்ன வயதிலேயே வந்து போய்விட்டது, அவள் முகமே சாட்சி. கஞ்சி கொண்டுவருகிறாள், திட்டிக்கொண்டே ஊட்டுகிறாள். கணக்கு டீச்சரின் கையெழுத்து, வரி கோணாது. "அழாமல் எழுது" என்று சொன்னேன். அதையும் எழுதிவிட்டாளா தெரியவில்லை.

சின்ன வயதில் எனக்கும் குத்தியிருக்கிறது. தோளில் தழும்பு இருக்கிறது. அது இவ்வளவு நாள் தாங்காது என்று டாக்டர் சொன்னார். இடுப்பு வலி, பிறகு காய்ச்சல், பிறகு முகத்தில் தொடங்கிற்று. இப்போது உள்ளங்கை வரைக்கும் இருக்கிறது. ஊசி பிடிக்கும் இரண்டு விரலிலும். கொட்டகைக்குக் கொண்டுபோக வருவார்கள். வந்தால் போவேன். வாசலில் வேப்பிலை செருகச் சொல்லிவிட்டேன். யார் வந்தாலும் தெரிய வேண்டும்.

போன கடிதத்துக்கு உன் பதில் வரவில்லை. தபால் தாமதம் என்று ரோசரி சொல்கிறாள். சுராயா எப்படி இருக்கிறாள் என்று அவளைக் கேட்டேன். மை தீர்ந்துவிட்டது என்று எழுந்து போனாள். திரும்பி வந்ததும் அடுத்த வரியைச் சொல் என்றாள்.

நீ என்ன நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். தனபாக்கியம் சொன்னதை அக்கா சொல்கிறாள், அக்கா சொன்னதற்கு என்ன அத்தாட்சி? துணியில் ஒன்றும் தெரியவில்லை. சுத்தமாக இருக்கிறது, மெத்தென்று இருக்கிறது, பிள்ளை தூங்குகிறது. அப்படித்தான் எனக்கும் இருந்தது. அத்தாட்சி கேட்டால் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லாமல்தான் போன கடிதத்தை எழுதினேன்.

இப்போது இருக்கிறது. நான் அந்த வீட்டுக்குள் போகவில்லை. அந்தப் பிள்ளையைப் பார்க்கவில்லை. அந்தத் துணியை மட்டும்தான் தொட்டேன். உடம்பில் இது முளைத்ததைக் கண்ணாடியில் பார்த்த அன்று, என்ன நினைத்தேன் தெரியுமா? இனி ரங்கம் நம்புவாள் என்று நினைத்தேன். முதலில் தோன்றியது அதுதான். மற்றதெல்லாம் பிறகு.

போன கடிதத்தையும் எரித்துவிடு. அதை எழுதும்போது எனக்குத் தெரியாது.

முதல் கடிதத்தில் நூல் மாதிரி கோத்து அனுப்பியிருந்தேன். உறையூர் நூல், இரண்டு இழை. அதே கூடையில் இருந்தது. நீ எதையும் பத்திரப்படுத்துகிறவள், டப்பாவில் போட்டு வைத்திருப்பாய். அதையும் சேர்த்துப் போடு.

பிள்ளைக்கு வேறு விரிப்பு வேண்டும் என்றால் கடையில் புதுத் துணி வாங்கு. கொதிக்க வைத்து அலசி, வெயிலில் காயப் போடு. ஒட்டுத் தையல் வேண்டாம். ஒரே துணி, நாலு பக்கமும் மடித்து அடி. உனக்கு அது வரும். புதுத் துணியென்று பயப்படாதே ரங்கம். முன்னிரண்டு பிள்ளைகளும் துணியால் போகவில்லை. அப்போதே இதை உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். நீ அழுதுகொண்டிருந்தாய், நான் சும்மா இருந்துவிட்டேன்.

பெயரை மாற்றாதே. பிச்சை என்றே இருக்கட்டும். கூப்பிட நன்றாக இருக்கிறது. இங்கே ஒருமுறை சத்தமாகக் கூப்பிட்டுப் பார்த்தேன், ரோசரி என்ன என்று ஓடி வந்தாள்.

அவன் இந்நேரம் எப்படி இருக்கிறான் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. காய்ச்சல் எதுவும் இல்லையே? இல்லையென்றே வைத்துக்கொண்டு பேசுகிறேன். நன்றாக இருப்பான். நூறு வருஷம் இருப்பான். வளர்ந்து பொன்மலைக்கு வந்து அந்த ஃபிட்டர் வீட்டு வாசலில் நிற்பான். அந்த அம்மாள் எண்ணெய் வாசம் அடிக்கிறதா என்று மோந்து பார்ப்பாள்.

ரோசரிக்குக் கை வலிக்கிறதாம். எனக்கும் நாக்கு எழும்பவில்லை. ஒன்றே ஒன்று.

அவனுக்காக ஏழு வாசலில் தலைப்பை ஏந்தி நின்றேன். இப்போது உன் வாசலில் நிற்கிறேன். உன்னிடம்தான் கேட்கிறேன், உன் மாமியாரிடம் இல்லை. நாளைக்கு வா என்று சொல்லிவிடாதே. அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள். அவனுக்குக் கீழே இருப்பதை எனக்குப் பிச்சையாகப் போடு, ரங்கம். அடுப்பில் போடு.

உங்கள் எல்லாரையும் நினைத்துக்கொண்டிருக்கும்
அக்கா வள்ளிக்கண்ணு

சொல்லச் சொல்ல எழுதியது: ரோசரி. முதல் முடிச்சும் நான் போட்டதுதான் தங்கச்சி. அக்கா சொல்றதைக் கேளுங்க.